ஆள் இருக்கிற ஊரில் ஹோட்டல்

டென்மார்க்கில் பதினான்கு வருடம் இருந்தேன். கோப்பன்ஹேகனைப் பார்த்தது ஒரேயொரு தடவை, அதுவும் விமான நிலையத்திலிருந்து ரயில் நிலையம் வரைக்கும். அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் கிருஷ்ணராசா பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் ஓட, நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அதற்குப் பிறகு ஹேர்னிங் என்ற சின்னப் பட்டினம், அங்கே ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு வேலை, வீடு, சமையல், பிள்ளை. லண்டனுக்கு வந்து லூயிஷாமில் குடியேறிய பிறகும் ஆராவது, "டென்மார்க்கிலை இருந்தனீங்கள் எண்டால் அந்தக் கடற்கன்னி சிலையைப் பாத்திருப்பியள்" என்பார்கள். ஓம் என்று தலையாட்டிவிடுவேன். பிஸ்கட் டின்னில் பார்த்ததும் பார்த்ததுதானே.

இந்தப் பொய்யை என் மகள் துஷ்யாவால் பொறுக்க முடியவில்லை. 2009 ஆவணியில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். அந்த வருடம்தான் அவளுக்கும் வேலை கிடைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கோழிக்கறியை இறக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு உறையைக் கொண்டுவந்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு விமானச் சீட்டு, மூன்று இரவு ஹோட்டல், கோப்பன்ஹேகன்.

"அம்மா, நோ ரிலேட்டிவ்ஸ். ஹோட்டல் ஒன்லி. நீங்களும் அப்பாவும் டூரிஸ்ட். ப்ரொமிஸ்?" என்றாள்.

எங்கள் ஆட்களுக்கு டூரிஸ்ட் என்றால் என்னவென்றே தெரியாது. நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போவோம், செத்த வீட்டுக்குப் போவோம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக்குப் போவோம். போன இடத்தில் ஒரு வீட்டில் நின்று, பத்து வீட்டில் சாப்பிட்டு, பதினோராவது வீட்டுக்குப் போகாததற்காக ஐந்து வருடம் திட்டு வாங்குவோம். பாரிசுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். ஈபிள் கோபுரத்தை மச்சாளின் சமையலறை யன்னலால்தான் பார்த்தேன். நம்முடைய ஆள் ஒருத்தர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்குவது, அந்த ஆளைத் தெருவில் வைத்துக் கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

அதோடு அந்த வருடம் ஊர் சுற்றுகிற வருடமாகவும் இல்லை. மே மாதம் வன்னியில் போர் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சிரித்ததில்லை. பாராளுமன்றத்துக்கு முன்னால் வெயிலிலும் மழையிலும் நின்றுவிட்டு, ஒன்றும் ஆகாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு இருந்தோம். சனம் முள்ளுக்கம்பிக்குள் கிடக்கும்போது நாங்கள் படகில் ஏறிப் படம் எடுப்பதா என்று கேட்டேன். "அதுக்காகத்தான் அம்மா. உங்கட முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு" என்றாள் துஷ்யா. உறையை எடுத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அன்று பின்னேரம் கிருஷ்ணராசா என்னைக் கூப்பிட்டு, "இஞ்சரும், ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும்" என்றார். இதை அவர் வாயால் நான் கேட்பது இரண்டாவது தடவை. முதல் தடவை கேட்டு நடந்ததால் என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் மூச்சு விடவில்லை. விட்டது அவர். சந்திரகுமாரின் பெட்ரோல் செட்டில் அவருக்கு வேலை. லீவு கேட்கப் போன இடத்தில், எங்கே போகிறீர்கள் அண்ணை என்று சந்திரகுமார் ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். இவர் விமானம் புறப்படும் நேரம் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை சிவன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற என்னிடம் நாலு பேர், "அப்ப கோப்பன்ஹேகன் போறியளாம்" என்றார்கள்.

பிறகு பார்சல்கள் வரத் தொடங்கின. நம்மில் ஒருத்தர் வெளிநாடு போகிறார் என்றால் அவருடைய பெட்டியில் பாதி ஊருக்குச் சொந்தம். ஒருவர் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் கொண்டுவந்தார், இன்னொருவர் முருங்கைக்காய். ஒரு பெண் பேரப்பிள்ளைக்குத் தொட்டில் சேலை கொண்டுவந்தாள். கிருஷ்ணராசா எல்லோருக்கும் பல்லைக் காட்டி, "அதுக்கென்ன, கொண்டுபோறம்" என்றார். நான் வாசலில் நின்று, "நாங்கள் ஹொலிடே போறம். கார்கோ இல்லை" என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். எனக்குக் கெட்ட பெயர் புதிதில்லை.

கடைசியாக வந்தவள் சுசிலா. லூயிஷாம் சந்தைக்குப் பக்கத்தில் வீட்டில் வைத்து பிளவுஸ் தைக்கிறவள். அவளுடைய வெட்டுக்காக ஐரோப்பா முழுவதிலுமிருந்து துணி அனுப்புவார்கள். மண்ணிறத் தாள் சுற்றிய ஒரு பார்சலை நீட்டினாள்.

"அக்கா, நாலு பிளவுஸ்தான். பாரமில்லை. அங்கை ஒரு அக்கா என்னட்டைத்தான் தைப்பிக்கிறவ. முந்தி ஹேர்னிங்கிலை இருந்தவவாம், இப்ப கோப்பன்ஹேகன். றோஸ்மலர் எண்டு பேர்."

பார்சலைத் தள்ளிவிட நீட்டிய கை அப்படியே அதைப் பிடித்துக்கொண்டது.

றோஸ்மலரும் நானும் பதினொரு வருடம் ஒரே ஹோட்டலில் வேலை செய்தோம். அந்த ஹோட்டலில் ஒரு அறைக்கு இரண்டு பேர். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். விரிப்பை உதறி விரித்து மூலையை மடித்துச் செருகுவதற்குள் ஒரு வீட்டுக் கதை முடிந்துவிடும். அவள் வேதக்காரி, நான் சைவம். அவள் வாமதேவனைக் காதலித்துக் கட்டிய கதை, என் மாமியாரின் கதை, பிள்ளைகளின் காய்ச்சல் எல்லாம் அந்த விரிப்புகளுக்கு மேலேதான் பேசித் தீர்ந்தன. என் அம்மா செத்த செய்தி வந்த அன்று என் பங்கு அறைகளையும் அவளே செய்தாள். எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. அவள் இருந்ததால் அந்தக் குறை தெரியவில்லை.

2001இல் நாங்கள் லண்டனுக்கு வர முடிவெடுத்தோம். அப்போது டென்மார்க்கிலிருந்து எல்லோரும் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வழக்கம் தெரியும்தானே. ஒரு அலுவல் சரிவரும் வரைக்கும் வெளியே சொல்லக்கூடாது, நாவூறு பட்டுவிடும். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் எல்லோரையும் கூப்பிட்டு விருந்து வைத்துச் சொன்னது. லண்டன் வீடும் தவறி, வேலையும் தவறி, பெட்டி அவிழ்க்காமல் திரும்பி வந்தது. அதைக் கண்டு பயந்துபோன கிருஷ்ணராசா, ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும் என்றார். றோசுக்கும் கூடாதோ என்று கேட்டேன். றோசுக்குச் சொன்னால் வாமதேவனுக்குத் தெரியும், வாமதேவனுக்குத் தெரிந்தால் ஹேர்னிங்குக்கே தெரியும் என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், அவளோடு ஒரே விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை வேலை முடிந்து பஸ் தரிப்பில், "திங்கள் காணுவம்" என்றாள். "ஓம், காணுவம்" என்றேன். ஞாயிறு காலை ஒரு வான் வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.

லண்டனிலிருந்து ஒரு மாதம் கழித்துத் தொலைபேசி எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். டிசம்பரில் நத்தாருக்கு வாழ்த்து மட்டை போட்டேன், பதில் இல்லை. அடுத்த வருடமும் போட்டேன், திரும்பி வந்துவிட்டது. வீடு மாறியிருக்கிறாள். எங்கே என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் அவளுக்குச் செய்ததையே அவள் எனக்குச் செய்கிறாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன். ஆனால் அந்த மே மாதம் எல்லோரும் எல்லோரையும் அழைத்து, "உங்கட ஆக்கள் வெளியிலை வந்திட்டினமோ" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, வன்னியில் இருந்த அவளுடைய தங்கச்சியை நினைத்து எனக்கு நித்திரை வரவில்லை. கேட்பதற்கு என்னிடம் நம்பரும் இல்லை, முகமும் இல்லை.

"அவவின்ர தங்கச்சி வன்னியிலை எல்லோ இருந்தவ" என்று சுசிலாவிடம் கேட்டேன்.

"குடும்பத்தோடை முகாமிலை இருக்கினமாம் அக்கா. உயிருக்கு ஒண்டுமில்லை. ஏன், உங்களுக்கு றோஸக்காவைத் தெரியுமோ?"

"கண்டிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, பார்சலை உள்ளே கொண்டுபோனேன்.

கிருஷ்ணராசா பார்சலில் இருந்த பெயரைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அங்கை போய்ப் போஸ்ட்டிலை போட்டுவிடுவம்" என்றார். லண்டனிலிருந்து கோப்பன்ஹேகன் வரைக்கும் கையில் கொண்டுபோய், அங்கிருந்து கோப்பன்ஹேகனுக்கே தபாலில் போடுவது. இதைவிடப் புத்திசாலித்தனமான யோசனை என்னிடமும் இருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை போய் இறங்கினோம். எங்கள் இருவரிடமும் இருப்பது டென்மார்க் பாஸ்போர்ட். கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்த இளைஞன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், வாருங்கள் என்று டேனிஷ் மொழியில் சொன்னான். கிருஷ்ணராசா நெஞ்சை நிமிர்த்தி அதே மொழியில், "இல்லை, நாங்கள் டூரிஸ்ட்" என்றார். அவன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. மே மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஹோட்டல் அறைக்குள் போனதும் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். தூசு இருந்தது. குளியலறைக் குழாயின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், அங்கேயும் சுத்தமில்லை. எங்கள் காலத்தில் இதற்கு மேற்பார்வைக்காரி கத்தரின் எங்களை நிற்கவைத்து உரித்திருப்பாள். "டூரிஸ்ட் மாதிரி இரும்" என்றார் இவர். டூரிஸ்ட் மாதிரி இருக்கிறவர் பெட்டியைத் திறந்து, எனக்குத் தெரியாமல் கொண்டுவந்திருந்த சின்ன ரைஸ் குக்கரை வெளியே எடுத்தார்.

காலையில் எழும்பியதும் என் கை தானாகக் கட்டிலை விரிக்கத் தொடங்கியது. இவரை மற்றப் பக்கம் பிடிக்கச் சொன்னேன். பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டினார். விட்டுவிட்டு வெளியே போனோம்.

நல்ல ஊர் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கால்வாய்க் கரையில் மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வீடுகள். முன்பக்கம் பெட்டி பூட்டிய சைக்கிளில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் உதட்டுச்சாயம் கலையாமல் மிதித்துப் போனாள். உச்சிக்குப் போகப் படி இல்லாமல் சாய்தரை சுற்றிச் சுற்றி ஏறுகிற ஒரு வட்டக் கோபுரம் இருந்தது. படி இல்லாதபடியால் சுகம் என்று சொல்லி ஏறிய கிருஷ்ணராசா மேலே போய் ஒரு வாங்கில் உட்கார்ந்து கால் மணி நேரம் மூச்சு வாங்கினார். தெருவில் சிவப்பு சொசேஜ் வாங்கித் தின்று சட்டையெல்லாம் கடுகுக் குழம்பு. படகில் பாலங்களுக்குக் கீழே போகும்போது எல்லோரும் குனிந்தார்கள், நாங்களும் குனிந்தோம். பதினான்கு வருடம் இந்த நாட்டில் குனிந்து குனிந்து வேலை செய்தேன், ஒரு தடவைகூட இப்படிச் சிரித்துக்கொண்டு குனிந்ததில்லை. இந்த நாட்டுக்கும் எனக்கும் நடுவில் ஒரு நல்ல நாள்கூட வைக்காமல் போய்விட்டேனே என்று மனம் இளகியது.

இதற்கிடையில் பார்சல் என் தோள்பையிலேயே கிடந்தது. தபாற் கந்தோரை இரண்டு தடவை கடந்து போனோம். முதல் தடவை வரிசை நீளம் என்றேன். இரண்டாம் தடவை எனக்குப் பசிக்கிறது என்றேன். அப்போது சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இவர் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடம் பேசாமல் இருக்கவேண்டிய இடங்களிலெல்லாம் பேசிய மனுசன், இந்த ஒன்றில் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

வியாழக்கிழமை காலை கடற்கன்னியைப் பார்க்கப் போனோம். கரையோரம் ஒரு கல்லின் மேல், ஏழாம் வகுப்புப் பிள்ளையளவில் உட்கார்ந்திருந்தாள். "இதுக்கோ இவ்வளவு சனம்" என்றார் கிருஷ்ணராசா. எனக்கும் ஏமாற்றம்தான். எங்களுக்கு முன்னால் என் வயதில் இரண்டு வெள்ளைக்காரிகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு கல்லில் ஏறினார்கள். ஒருத்தி வழுக்கினாள், மற்றவள் இழுத்தாள், இரண்டு பேரும் சிரிப்பை அடக்கமுடியாமல் அங்கேயே இருந்துவிட்டார்கள். எங்களிடம் கமெராவைத் தந்து படம் எடுக்கச் சொன்னார்கள். நாற்பது வருடச் சிநேகிதமாம். ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஊருக்குச் சேர்ந்து போவார்களாம்.

பிறகு என் முறை. கிருஷ்ணராசா கமெராவைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் சிரியும்" என்றார். றோஸ் இதே ஊரில், நான் நிற்கிற இடத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறாள். தங்கச்சி முகாமில் கிடக்கிற துக்கத்தோடு இருக்கிறாள். நான் சிலைக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கப் பார்க்கிறேன்.

"எனக்கு அவளைப் பாக்கவேணும்" என்றேன்.

கிருஷ்ணராசா கமெராவை இறக்கினார். "நானும் வாறன். சொல்லாதையும் எண்டு சொன்னது நான்தானே."

"சொல்லாமல் விட்டது நான்தானே. நீங்கள் ஹோட்டலுக்குப் போங்கோ."

பார்சலில் இருந்த முகவரியைக் காட்டிக் காட்டி விசாரித்துப் போனேன். நாலாம் மாடி, லிப்ட் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவைத் திறக்காவிட்டால் பார்சலை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று எனக்கு நானே சொன்னேன். ஆனால் திறக்காவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்பதும் தெரியும். மணியை அமத்தினேன்.

கதவைத் திறந்தவளுக்கு முன்தலை நரைத்திருந்தது. உடம்பும் வைத்திருந்தது. கண் மட்டும் அதே கண். எட்டு வருடமாக நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்த எதுவும் வாயில் வரவில்லை.

"சுசிலா பிளவுஸ் தந்துவிட்டவ" என்றேன்.

கையை நீட்டி வாங்கினாள். "ஆரின்டையும் கையிலை குடுத்துவிடு எண்டுதான் சொன்னனான். உன்ர கையிலை எண்டு நினைக்கேல்லை." கதவைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. "எப்ப வந்தனீ?"

"செவ்வாய்க்கிழமை."

"ஆரின்ர வீட்டிலை நிக்கிறாய்?"

அங்கேதான் நான் பயந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். இவளிடம் இனி ஒரு பொய் என்னால் ஏலாது.

"ஹோட்டலிலை."

அவள் முகம் சிவந்துபோயிற்று. "நான் இருக்கிற ஊரிலை, ஹோட்டலிலையோ நிக்கிறாய்?"

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. தெருவில் போகிற ஒருத்தி எங்கே தங்கினால் யாருக்கு என்ன? இந்தக் கோபம் சொந்தக்காரரிடம் வருகிற கோபம். எங்கள் ஆட்கள் தங்களுடைய ஆளைப் பார்த்து மட்டும்தான் இதைக் கேட்பார்கள். அவள் இன்னும் என்னைத் தன்னுடைய கணக்கிலிருந்து வெட்டவில்லை. அந்தக் கோபத்தைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது.

"உள்ளை வா. வாசலிலை நிண்டு அழாதை, பக்கத்து வீட்டுக்காரர் பாப்பினம்" என்றாள். நான் அழுதுகொண்டிருந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. வாமதேவன் வேலைக்குப் போயிருந்தார், மகள் பிரியந்தி பள்ளிக்கூடம். தேத்தண்ணி வைத்தாள். சீனி எவ்வளவு என்று கேட்கவில்லை. எதிரில் இருந்து, மேசையைப் பார்த்துக்கொண்டே பேசத் தொடங்கினாள்.

"அண்டைக்குத் திங்கக்கிழமை ரெண்டு பஸ்ஸை விட்டிட்டு உனக்காக நிண்டனான். பிறகு வேலைக்குப் போய், உனக்குச் சுகமில்லை எண்டு லீவிலை நிண்ட கத்தரினுக்குத் துண்டு எழுதி வைச்சனான். செவ்வாயும் வைச்சனான். புதனும் வைச்சனான். உன்ரை வேலை போயிடக்கூடாது எண்டு உன்ரை அறையளையும் சேர்த்துச் செய்தனான். வியாழக்கிழமை லீவு முடிஞ்சு வந்த கத்தரின் என்னைக் கூப்பிட்டு, நகுலேஸ்வரி போன மாதமே வேலையை விடுறதெண்டு எழுதிக் குடுத்திட்டாவே, உனக்குத் தெரியாதோ எண்டு கேட்டவ." மேசை விரிப்பின் மூலையை இழுத்துச் சரிசெய்தாள். "நீ போனது எனக்குக் கோவமில்லை. எல்லாரும்தான் போச்சினம். கத்தரினுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியேல்லை. அவவுக்கு முன்னாலை பொய்க்காரியாய் நிண்டன்."

இது எனக்குத் தெரியாது. அந்த மூன்று நாள் எனக்காக அவள் பொய் சொல்லிக்கொண்டிருந்தது எட்டு வருடமாக எனக்குத் தெரியாது. கையில் இருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்தேன்.

"அது நான் செய்த பிழை, றோஸ்" என்றேன். "அவர் சொன்னார், நாவூறு எண்டு பயந்தன், அதெல்லாம் சாட்டு. உனக்குச் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் வரமாட்டன். அதுதான் சொல்லேல்லை."

அவள் எழும்பி உள்ளே போனாள். நான் இருக்கவேண்டுமா, எழும்பிப் போகவேண்டுமா என்று தெரியாமல் இருந்தேன். ஐந்து நிமிடம் கழித்து, புது பிளவுஸைப் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"கை இறுக்கம்" என்றாள்.

"பழைய அளவுக்குத் தைச்சிருக்கிறாள். நீ மெலிஞ்ச மாதிரி நினைச்சுக்கொண்டு அளவு அனுப்பியிருப்பாய்."

"நீ மட்டும் என்ன, கொடி மாதிரியோ இருக்கிறாய்?"

கத்தரிக்கோல் தரச் சொன்னேன். கழற்றித் தந்தாள். உள்ளே மடித்து விட்டிருந்த துணி போதுமானது. நான் ஒரு கையின் தையலைப் பிரித்தேன், அவள் மற்றக் கையைப் பிரித்தாள். தங்கச்சியைப் பற்றிக் கேட்டேன். முகாமிலிருந்து ஒரு தடவை அரை நிமிடம் பேசினாளாம், பிள்ளைகள் மூன்றும் பக்கத்தில் இருக்கிறார்களாம், எப்போது வெளியே விடுவார்கள் என்று தெரியாதாம். சொல்லும்போது நூல் கண்ணுக்குத் தெரியாமல் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

திரும்பத் தையலைப் பிரிக்கத் தொடங்கிய பிறகு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"நாங்கள் மார்கழியிலை லண்டனுக்கு வாறம்."

நான் கேட்டது சரிதானா என்று அவளைப் பார்த்தேன்.

"பிள்ளையின்ர படிப்புக்குத்தான். அவரின்ர தமையன் லூயிஷாமிலை கடை எடுத்திருக்கிறார், அதிலை நிக்கலாம் எண்டு சொல்லுறார். இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு அவர் சத்தியம் வாங்கினவர். சுசிலாவுக்கும் தெரியாது, தங்கச்சிக்கும் சொல்லேல்லை." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "உனக்குத்தான் முதல் சொல்லுறன்."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். நான் அவளுக்குத் தராமல் வைத்துக்கொண்டதையே அவள் எடுத்து எனக்குத் தந்தாள். பிளவுஸ் துணியால் முகத்தைத் துடைத்தேன், சுசிலா பார்த்திருந்தால் என்னைக் கொன்றிருப்பாள்.

"கிருஷ்ணராசா அண்ணைக்குச் சொல்லிப்போடாதை. அவருக்குச் சொன்னால் பேப்பரிலை போட்ட மாதிரி" என்றாள்.

"அவரை எனக்குத் தெரியாதோ?" என்றேன்.

வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது விமானத்தில் கிருஷ்ணராசா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அவள் சமாதானமாயிட்டாளோ?" என்று கேட்டார். பாவம், அந்த மனுசனும் எட்டு வருடமாக இதைச் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். ஆகிவிட்டாள் என்றால், எப்படித் தெரியும், என்ன சொன்னாள் என்று தோண்டுவார்.

"தேத்தண்ணி தந்தவள்" என்றேன்.

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"பிறகேன் நீர் ஏறினதிலை இருந்து சிரிச்சுக்கொண்டு இருக்கிறீர்?"

"ஹொலிடே முடிஞ்சு வாறன், சிரிக்கக்கூடாதோ" என்று சொல்லி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெட்டியில் இடம் கொடுக்காத கோபத்தில், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒருவரும் என்னிடம் கோப்பன்ஹேகன் பற்றிக் கேட்கவில்லை. துஷ்யா மட்டும் படங்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, கடற்கன்னிக்குப் பக்கத்தில் நிற்கிற ஒரு படமும் இல்லையே அம்மா என்றாள். அடுத்த முறை ஆகட்டும் என்றேன்.

திங்கட்கிழமை காலை இவர் ஷிப்டுக்குப் போனதும் உடுத்துக்கொண்டு கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றுக்குத் தை மாதம் பள்ளிக்கூடத்தில் இடம் எடுப்பது எப்படி என்று விசாரிக்க வேண்டும். முதலில் கவுண்டரில் இருந்த பெண்ணின் கழுத்து அட்டையைப் பார்த்தேன். தமிழ்ப் பெயர் இல்லை. நிம்மதியாகக் கதிரையில் இருந்தேன். அவள் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, உங்களுடைய மகளா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் யாருடைய பிள்ளை என்று கேட்டாள்.

"என்னுடைய சிநேகிதியின் பிள்ளை" என்று சொன்னேன்.